கடல் இல்லாத மாவட்டமும் கடற்படையும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிறந்த ஒரு பிள்ளையிடம் "கடற்படையில் சேருகிறாயா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். கடலைப் பார்ப்பதற்கே கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ பஸ் ஏற வேண்டிய ஊர்கள் நம்முடையவை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் பையன் பள்ளிப் படிப்பை முடித்ததும் வீட்டில் பேச்சு பாஸ்போர்ட்டிலும் வளைகுடா விசாவிலும்தான் போய் நிற்கும். கடற்படை என்ற வார்த்தை அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

கடற்படை என்றால் என்ன, அதில் யார் சேரலாம், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற விவரம் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறோம். பிள்ளையை அனுப்புவதும் அனுப்பாததும் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை விவரம் தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள உறவு

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் சங்கு, சிப்பிப் படிமங்கள் இந்த நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்ததைக் காட்டுகின்றன. இன்று நாம் பார்க்கும் சிமென்ட் ஆலைகள் அந்தப் பழைய கடலின் படிவை வைத்தே ஓடுகின்றன. அது இயற்கையின் கதை. மனிதர்களின் கதை கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்குகிறது.

ஜெயங்கொண்டத்துக்கு அருகில் உள்ள இந்த ஊர்தான் முதலாம் ராஜேந்திர சோழனின் தலைநகரம். கி.பி. 1025 வாக்கில் அவனுடைய படை வங்கக் கடலைக் கடந்து ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, தாக்கப்பட்ட ஊர்களின் பட்டியலையே தருகிறது. சுமத்ரா, மலேய தீபகற்பம், நிக்கோபார் என்று அது நீள்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. தாக்குதலின் காரணம் குறித்து அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. சீனாவுக்குச் செல்லும் வணிகப் பாதையை ஸ்ரீவிஜயம் தன் கையில் வைத்திருந்ததும் அதில் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. கடலிலிருந்து தள்ளி இருந்த தலைநகரம் கடல் வணிகத்தோடு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு அவை சாட்சி. இந்தப் படையெடுப்பின் 1000ஆவது ஆண்டையொட்டி 2025 ஜூலையில் அங்கு விழா எடுக்கப்பட்டது. பிரதமரும் வந்து கலந்துகொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சோழர் கடற்படையின் பதவிப் பெயர்கள், கப்பல் எண்ணிக்கை என்று வாட்ஸ்அப்பில் நீண்ட பட்டியல்கள் வலம் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் காட்டப்படுவதில்லை. கப்பல்கள் அரசனுடையவையா, வணிகர்களிடமிருந்து பெற்றவையா என்பதே இன்றும் விவாதத்தில் உள்ளது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது உறுதியானதை மட்டும் சொல்வோம்.

கடலில் முஸ்லிம்கள்

அந்தக் காலத்தில் கடல் வணிகம் செய்த குழுக்களில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் ஆகியவற்றோடு அஞ்சுவண்ணம் என்ற குழுவும் இருந்தது. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இதில் இருந்தனர். கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேட்டில் அஞ்சுவண்ணத்தின் பெயர் வருகிறது. அதே செப்பேட்டில் கூஃபி எழுத்தில் அரபுச் சாட்சிக் கையெழுத்துகளும் உள்ளன. ராஜேந்திரன் அனுப்பிய கப்பல்களை ஓட்டியவர்கள் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடல்வழிகளை நன்கறிந்தவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

நாம் அன்றாடம் பேசும் தமிழே இதற்குச் சான்று. கப்பல் செலுத்துபவரை 'மாலுமி' என்கிறோம். 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரும் முஅல்லிம்தான், கடலில் வழி காட்டுபவரும் முஅல்லிம்தான். கப்பலைத் திருப்பும் 'சுக்கான்' என்ற சொல்லும் அரபு மூலம் கொண்டதே. மரக்காயர் என்ற பெயரையும் 'மரக்கலம்' என்ற சொல்லோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

வணிகத்தைக் காக்கப் போரில் இறங்கியவர்களில் புகழ்பெற்றவர்கள் குஞ்சாலி மரைக்காயர்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அரபிக் கடலைத் தங்கள் உடைமையாக்க முயன்றபோது, கோழிக்கோட்டின் இந்து மன்னரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக நான்கு குஞ்சாலிகள் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர். பெரிய பீரங்கிகள் கொண்ட போர்ச்சுகீசியக் கப்பல்களை, ஆழம் குறைந்த கழிமுகங்களிலிருந்து பாய்ந்து தாக்கித் திரும்பும் விரைவுப் படகுகளால் எதிர்த்தார்கள். போர் நம் தமிழ்க் கரைக்கும் வந்தது. 1538இல் ராமநாதபுரம் கரையில் வேதாளை என்ற இடத்தில் மரைக்காயர்களின் படைக்கும் போர்ச்சுகீசியருக்கும் நடந்த போரில் மரைக்காயர் தரப்பு பெரும் இழப்பைச் சந்தித்தது.

நான்காம் குஞ்சாலியின் முடிவு வருத்தமானது. மன்னருக்கும் அவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. சாமூதிரியின் படையும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து அவருடைய கோட்டையை முற்றுகையிட்டனர். 1600இல் அவர் சரணடைந்தார். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை அவர் பெயரில் தபால்தலை வெளியிட்டது. மும்பை கொலாபாவில் உள்ள கடற்படைத் தளத்துக்கு ஐஎன்எஸ் குஞ்சாலி என்று பெயர். ஒரு முஸ்லிம் கடற்தளபதியின் பெயரை நாட்டின் கடற்படை இன்றும் தாங்கி நிற்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1946: ஒரே தட்டில் உண்டவர்கள்

பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் வேலை செய்த இந்திய மாலுமிகள் மோசமான உணவுக்கும் இனவெறிப் பேச்சுக்கும் ஆளானார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற பயிற்சித் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களில் 78 கப்பல்களிலும் 20 கரைத்தளங்களிலும் சுமார் 20,000 பேர் இதில் இறங்கினர். கராச்சி முதல் சென்னை வரை இது பரவியது.

அவர்கள் அமைத்த மத்தியப் போராட்டக் குழுவின் தலைவர் எம்.எஸ்.கான், துணைத் தலைவர் மதன் சிங். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளைச் சேர்த்தே கப்பல்களில் ஏற்றினார்கள். நாடு பிரிவினையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒன்று நடந்தது. அரசியல் தலைவர்களின் ஆலோசனையை ஏற்று பிப்ரவரி 23 அன்று அவர்கள் பணிந்தனர். பலர் வேலையை இழந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாய்த் தெருக்களில் அவர்களுக்கு ஆதரவாக இறங்கிய பொதுமக்களில் 200க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தனர்.

இன்றைய கடற்படை என்ன செய்கிறது?

போர் என்பது கடற்படையின் வேலையில் ஒரு பகுதி. மற்றொரு பகுதி வளைகுடாவில் உறவினர் உள்ள நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது. 2015இல் ஏமனில் போர் மூண்டபோது ஏடன் உள்ளிட்ட துறைமுகங்களுக்குச் சென்று மக்களை ஏற்றிவந்தவை ஐஎன்எஸ் சுமித்ரா, ஐஎன்எஸ் மும்பை, ஐஎன்எஸ் தர்காஷ் ஆகிய போர்க்கப்பல்கள். கொரோனா ஊரடங்கின்போது 2020இல் மாலத்தீவு, இலங்கை, ஈரான் நாடுகளில் சிக்கியவர்களைக் கடற்படைக் கப்பல்கள் அழைத்து வந்தன. ஐஎன்எஸ் ஜலஷ்வா அவர்களில் பலரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. 2024 மார்ச்சில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ரூவன் என்ற சரக்குக் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. அதிலிருந்த 17 ஊழியர்களும் உயிருடன் திரும்பினர்.

மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய மூன்று இடங்களில் கடற்படையின் தலைமையகக் கட்டளைகள் உள்ளன. தமிழ்நாட்டில் சென்னையில் ஐஎன்எஸ் அடையாறு, அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, திருநெல்வேலி விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் ஆகிய தளங்கள் உள்ளன. கடற்படையில் சேர்ந்தவர் எல்லா நாளும் கடலிலேயே இருப்பதில்லை. எஞ்சின், மின்சாரம், ரேடார், கணினி, சமையல், மருத்துவ உதவி, கணக்கு என்று கரையிலும் கப்பலிலும் பல பிரிவுகள் இருக்கின்றன.

மூன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

"நேவியில் வேலை" என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் மெர்ச்சன்ட் நேவி. அது சரக்குக் கப்பல் வேலை. தனியார் நிறுவனங்களின் ஒப்பந்த வேலை. அரசுப் படை கிடையாது. அதற்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படிக்க வேண்டும். ஆள் அனுப்பும் முகவருக்கும் அதே இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். உரிம எண்ணைக் கேளுங்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அதன் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இந்தியக் கடற்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயுதப் படை. இதில் சேர முகவர் யாரும் கிடையாது. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடிதான்.

மூன்றாவது, இந்தியக் கடலோரக் காவல் படை. இதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ஆனால் தனிப் படை. இதற்கு ஆள் எடுப்பது அக்னிபாத் திட்டத்துக்குள் வரவில்லை. நாவிக் என்ற பணிக்கு 10ஆம் வகுப்பு அல்லது கணிதம், இயற்பியலுடன் 12ஆம் வகுப்பு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது 18 முதல் 22 வரை. இதில் ஓபிசி இடஒதுக்கீடும் வயதில் 3 ஆண்டுத் தளர்வும் உண்டு. தமிழ்நாட்டு லப்பை, ராவுத்தர், மரைக்காயர் சமூகத்தினர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்காக நாம் எடுத்து வைத்திருக்கும் மாநிலத்தின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தாலுகா அலுவலகம் வழியாகத் தனியாகப் பெற வேண்டும். கடைசி நேரத்தில் அலையாமல் இதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

கடற்படையில் சேரும் வழிகள்

மாலுமி நிலையில் சேருவதற்கு இப்போது பெரும்பாலும் அக்னிவீர் என்ற வழிதான் உள்ளது. 10ஆம் வகுப்பு முடித்தவர்களுக்கு எம்.ஆர். என்ற பிரிவு. 12ஆம் வகுப்பில் கணிதம், இயற்பியல் படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர். என்ற பிரிவு. வயது பதினேழரை முதல் 21 வரை. திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் 'ஜாயின் இந்தியன் நேவி' என்ற அரசு இணையதளத்தில் மட்டுமே. கணினித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், தமிழில் கிடையாது. எனவே ஆங்கிலத்தில் அறிவியல், கணிதக் கேள்விகளைப் படித்துப் பழகுவது அவசியம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும்.

அடுத்தது உடல் தகுதி. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 8 நிமிடத்துக்குள்ளும் ஓட வேண்டும். அதோடு உட்கார்ந்து எழுதல், தண்டால் போன்ற பயிற்சிகளும் உண்டு. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஊர் மைதானத்தில் ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் எட்டக்கூடிய அளவுதான் இது. தேர்வானவர்களுக்கு ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி.

அதிகாரி நிலைக்கு வேறு வழிகள் உள்ளன. 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. இதை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதி, இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 70 சதவீதம் பெற்றவர்கள் பி.டெக். கேடட் நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் நான்கு ஆண்டு பொறியியல் படிப்பு அரசுச் செலவில் கிடைக்கும். பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இந்த ஒரு வழியையாவது கவனிக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். தேர்வும் குறுகிய காலப் பணி நுழைவும் உள்ளன. விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தபின் விண்ணப்பிக்கவும்.

கிடைப்பதும் கிடைக்காததும்

அக்னிவீர் பணி நான்கு ஆண்டுகள்தான். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். இதில் 30 சதவீதம் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு போட்டு, நான்கு ஆண்டு முடிவில் சுமார் 10.04 லட்சம் ரூபாய் தரப்படும். இதற்கு மேல் வட்டியும் சேரும். அந்த வட்டித் தொகையை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பணிக்காலத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு.

ஓய்வூதியம் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் 21 முதல் 25 வயதில் வெளியே வந்து வேறு வேலை தேட வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் திருமணமும் செய்ய முடியாது. இதை மறைத்துவிட்டு யாரையும் ஊக்கப்படுத்துவது நியாயம் ஆகாது. நான்கு ஆண்டு ஒழுங்கும் தொழிற்பயிற்சியும் கையில் ஒரு தொகையும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல தொடக்கம். நிரந்தர வேலை வேண்டுமென்றால் கடலோரக் காவல் படையையும் அதிகாரி நுழைவையும் முதலில் பாருங்கள்.

ஆபத்தும் உண்டு. 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கடிக்கப்பட்டபோது 190க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் ஐஎன்எஸ் சிந்துரக்ஷக் நீர்மூழ்கியில் ஏற்பட்ட வெடிப்பில் 18 பேர் இறந்தனர்.

பெற்றோர்களின் கேள்விகள்

"தாடி வைக்க முடியுமா?" என்பது முதல் கேள்வி. விமானப் படையில் முஸ்லிம் வீரர் ஒருவர் தாடி வைக்க அனுமதி கேட்ட வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. கடற்படையின் வழக்கம் வேறு. அங்கே மேலதிகாரியின் அனுமதி பெற்று எந்த மதத்தவரும் தாடி வைக்கலாம். ஆனால் அது அனுமதி, உரிமை ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

"தொழுகை என்னாவது?" என்பது இரண்டாவது. பயணத்தில் இருப்பவருக்கு ஜும்ஆ கடமை இல்லை என்பதும், தொழுகையைச் சுருக்கித் தொழ அனுமதி உண்டு என்பதும் நாம் அறிந்ததே. நீண்ட கடல் பயணம், கப்பலில் பணி நேரம், நோன்பு ஆகியவை பற்றிய விரிவான சட்டங்களைப் பிள்ளை புறப்படுவதற்கு முன்பே ஆலிம்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, பல உம்மாக்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம்: கடல். இந்தப் பயம் புதியதல்ல. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஸ்லிம் படையைக் கடலில் அனுப்பத் தயங்கினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில்தான் முஆவியா (ரலி) அவர்கள் தலைமையில் கப்பற்படை சைப்ரஸ் தீவுக்குப் புறப்பட்டது. அதில் சென்றவர்களில் உம்மு ஹராம் (ரலி) என்ற பெண்மணியும் ஒருவர். அந்தத் தீவிலேயே அவர்கள் வஃபாத்தானார்கள். தயங்கியவரும் புறப்பட்டவரும் நமக்கு முன்மாதிரிகளே. தயக்கம் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள்.

நம் மஹல்லாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புத் தேர்வு முடியும் நாட்களில் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, இந்த அறிவிப்புகளைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஓபிசி சான்றிதழ் எடுக்க உதவுங்கள். ஊரில் முன்னாள் படைவீரர் யாராவது இருந்தால், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், அவரை அழைத்துப் பேச வையுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கடல் தாண்டிய கப்பல்களின் கதையை அங்கே நின்று சொல்லுங்கள். அடுத்த முறை "கடற்படையில் சேருகிறாயா?" என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை சிரிக்காமல், "என்ன படிக்கணும்?" என்று திருப்பிக் கேட்டால் அதுவே போதும், இன்ஷா அல்லாஹ்.